அம்மா எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்? மின்படிக்கட்டு விபத்தும் பொறுப்பின் வரலாறும்

மின்படிக்கட்டில் ஒரு குழந்தையின் கால் சிக்கிக்கொண்டது என்று செய்தி வந்தால், பலர் வாயில் வரும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அம்மா எங்க பார்த்துக்கிட்டு இருந்தாங்க?" ஆசிரியர் அறையிலும் இதே கேள்வி, மாணவர் எழுதும் கட்டுரையிலும் இதே கேள்வி. 'பொது இடங்களில் பாதுகாப்பு' என்று ஒரு தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். முதல் கருத்து, 'பெற்றோர் தம் பிள்ளைகளைக் கண்காணிக்க வேண்டும்' என்று இருக்கும். கடைசிக் கருத்து, 'அரசாங்கம் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று இருக்கும். அந்த இயந்திரத்தை வாங்கி, பொருத்தி, ஓட்டி, அதனால் வரும் கூட்டத்தில் வாடகை சம்பாதிக்கும் நிர்வாகம் கட்டுரையில் எங்குமே வராது.

அம்மாவைப் பற்றிய அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலேய நீதிமன்றம் அதை 1858-லேயே கேட்டுவிட்டது. அன்று அது சொன்ன பதிலைத் திருத்தச் சட்டத்துக்கு ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு பிடித்தது. அந்தச் சட்டத்தின் ஒரு பகுதிதான் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இன்று நம் பிள்ளைகளுக்குப் பொருந்துகிறது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பாட்டியும் தாத்தாவும்

1858 வழக்கின் நிகழ்வு எளிது. 5 வயதுக் குழந்தை ஒன்று பாட்டியோடு ரயில் நிலையத்துக்கு வருகிறது. பாட்டி இருவருக்கும் சீட்டு வாங்குகிறார். தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயில் மோதிப் பாட்டி இறந்துபோகிறார், குழந்தைக்குக் காயம். ரயில்வே நிறுவனத்தின் பக்கம் தவறு இருந்தது. பாட்டியும் கவனமாக இல்லை. குழந்தை பாட்டியின் பொறுப்பில் இருந்ததால் பாட்டியின் கவனக்குறைவு குழந்தையுடையதும் ஆகும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. காயம்பட்ட குழந்தைக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

இதைப் படிக்கும்போது உங்களுக்குக் கோபம் வரலாம். ஆனால், 'அம்மா எங்க பார்த்துக்கிட்டு இருந்தாங்க' என்று கேட்டு நாம் அங்கேயே நிறுத்திவிட்டால், நாமும் 1858 தீர்ப்பையேதான் எழுதுகிறோம்.

இந்தக் கொள்கையின் வேரை 1888-இல் பிரபுக்கள் சபை ஒரு கப்பல் விபத்து வழக்கில் அறுத்தது. ஒருவர் பயணம் செய்த வண்டியின் ஓட்டுநர் தவறு செய்தால், அந்தத் தவறைப் பயணியின் தலையில் கட்டக்கூடாது என்பது அதன் சாரம். பிறகு 1933 சட்ட அறிக்கைத் தொகுப்பில் வேறொரு வழக்கு வருகிறது. இம்முறை 4 வயதுக் குழந்தை, தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கிறது. பேருந்து வந்து மோதுகிறது. தாத்தாவும் கவனக்குறைவாக இருந்தார், ஓட்டுநரும் கவனக்குறைவாக இருந்தார். தாத்தாவின் தவறு குழந்தையின் உரிமையைப் பறிக்காது என்று இம்முறை தீர்ப்பு வந்தது.

இந்த ஆண்டுகளை மாணவர்கள் குறித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் நம் நாட்டில் ஒரு தேதி முக்கியம். 1956 குடியியல் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, 1956 ஏப்ரல் 7 அன்று இங்கிலாந்தில் நடப்பில் இருந்த பொதுச் சட்டத்தைத் தீபகற்பத்துக்கு, உள்ளூர்ச் சூழலுக்குப் பொருந்தும் அளவில், ஏற்றுக்கொண்டது. 1933 அதற்கு முந்தியது. தாத்தா வழக்கின் கொள்கை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. பேரங்காடி நிர்வாகம் நீதிமன்றத்தில் பெற்றோரின் பங்கையும் கணக்கில் எடுக்கும்படி கேட்கலாம். அது பெரியவர்களுக்குள் நடக்கும் கணக்கு. குழந்தையின் வழக்கை அது அழிக்காது.

நகரும் இயந்திரமும் குழந்தையின் ஆசையும்

மின்படிக்கட்டு பிறந்ததே ஒரு வேடிக்கைப் பொருளாகத்தான். 1896-இல் நியூயார்க்கின் கோனி தீவுக் கேளிக்கைப் பூங்காவில் ஜெஸ்ஸி ரெனோ தம் சாய்வு இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். 1898-இல் லண்டன் ஹாரட்ஸ் கடையில் நகரும் படி வந்தபோது, ஏறி வந்து நடுங்கியவர்களுக்குப் பிராந்தி கொடுத்துத் தேற்றினார்களாம். 'எஸ்கலேட்டர்' என்ற பெயரை உருவாக்கியவர் சார்லஸ் சீபர்கர். 1900 பாரிஸ் கண்காட்சியில் ஓடிய அந்த இயந்திரத்தின் பெயர் முதலில் ஒரு வணிக முத்திரை. 1950-இல் அமெரிக்காவில் அது பொதுப்பெயராகிவிட்டது. (சொல்லாக்கம் படிக்கும் மாணவர்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.) 1911-இல் லண்டன் சுரங்க ரயிலுக்கு, ஏர்ல்ஸ் கோர்ட் நிலையத்தில், வந்து சேர்ந்தது.

இன்றும் குழந்தைக்கு அது விளையாட்டுப் பொருள்தான். அதைக் குற்றம் சொல்ல முடியாது. சட்டமும் சொல்லவில்லை. இந்த இடத்தில் வரலாறு நம்மை மறுபடி ரயில்வேக்கு அழைத்துப்போகிறது. பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்களுக்கு இது அந்நியமாக இருக்காது, இன்று கே.எல். செண்ட்ரல் நிற்கும் நிலம் ஒரு காலத்தில் மலாயா ரயில்வேயின் வண்டி வளாகம்.

நீராவி எஞ்சின் காலத்தில் எஞ்சினைத் திருப்ப ஒரு பெரிய சுழல்மேடை இருக்கும். ஆள் தள்ளினால் சுழலும். பிள்ளைகளுக்கு அது இலவச இராட்டினம். 1873-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், 6 வயதுச் சிறுவனின் கால் அப்படி ஒரு சுழல்மேடையில் நசுங்கியிருந்தது. 1909-இல் அயர்லாந்திலிருந்து பிரபுக்கள் சபைக்கு வந்த வழக்கும் சுழல்மேடைதான். பிள்ளைகள் வேலி இடைவெளி வழியாக நுழைந்து விளையாடுவது வழக்கம், மேடையைப் பூட்டி வைக்கவில்லை. இரண்டிலும் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பு. குழந்தையைக் கவர்ந்திழுக்கும் ஆபத்தான பொருளை வைத்திருப்பவர், குழந்தை வரும் என்று எதிர்பார்த்தே ஆகவேண்டும் என்ற கருத்து இப்படித்தான் வேரூன்றியது. 1922-இல் கிளாஸ்கோ நகராட்சிக்கு எதிரான வழக்கில், பூங்காவில் நச்சுப் பழத்தைத் தின்று இறந்த 7 வயதுச் சிறுவனுக்காகவும் இதே வாதம் ஏற்கப்பட்டது. பழம் பார்க்க அழகாக இருந்தது. அவனுக்குப் புரியும்படி எச்சரிக்கை எதுவும் இல்லை.

எல்லாம் நேர்கோட்டில் முன்னேறியது என்று நினைத்துவிடாதீர்கள். 1929-இல் ஸ்காட்லாந்துச் சுரங்க நிறுவனம் ஒன்றின் இழுவைச் சக்கரத்தில் சிக்கி 4 வயதுக் குழந்தை இறந்தது. அந்த வயலில் பிள்ளைகள் விளையாடுவது நிறுவனத்துக்குத் தெரியும். ஆனாலும், அவன் 'அத்துமீறி நுழைந்தவன்' என்று சொல்லிப் பிரபுக்கள் சபை கையை விரித்துவிட்டது. 1972 வரை அந்தத் தீர்ப்பு இங்கிலாந்தில் நின்றது.

பேரங்காடியில் யாரும் அத்துமீறி நுழைவதில்லை, வாசலைத் திறந்து வைத்து 'வாங்க வாங்க' என்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் பழைய பொதுச் சட்டம் வருபவர்களை வகை பிரித்தது. பொருள் வாங்க வந்தவர் 'அழைக்கப்பட்டவர்'. அவருக்கு அதிகக் கவனம் காட்ட வேண்டும். சும்மா வந்தவர் 'அனுமதிக்கப்பட்டவர்'. அவருக்குக் கொஞ்சம் குறைவு. சட்டை வாங்க வந்த தாய் ஒரு வகை, குளுகுளு காற்றுக்காக நண்பர்களோடு சுற்ற வந்த படிவம் 1 மாணவன் வேறு வகை என்று ஒரு விசித்திரம் இதில் இருந்தது. இங்கிலாந்து 1957-இல் தனிச் சட்டம் இயற்றி இந்த வேறுபாட்டை ஒழித்தது. நம் தேதி 1956 ஏப்ரல் 7! ஓராண்டு இடைவெளியில் அந்தச் சீர்திருத்தம் நம்மைத் தானாக வந்து சேரவில்லை. பக்கத்தில் சிங்கப்பூர் 2013-இல் தன் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பின் வழி இந்த வகைகளைக் கவனக்குறைவு என்னும் பொதுக் கொள்கைக்குள் கரைத்துவிட்டது. நம் நாடாளுமன்றம் இதை ஒரு தனிச் சட்டமாக எழுதிவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றும். பேரங்காடியே வார இறுதிப் பூங்காவாக மாறிவிட்ட கிள்ளான் பள்ளத்தாக்கில், 'எதற்காக வந்தாய்' என்ற கேள்வியில் அர்த்தமில்லை.

கால் எப்படிச் சிக்குகிறது

பொறுப்பைப் பேசுவதற்கு முன் இயந்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைத் தெரியாமல் எழுதும் கட்டுரை வெறும் அறிவுரையாகப் போய்விடும்.

படிகள் நகர்கின்றன, பக்கச் சுவர் நகர்வதில்லை. இரண்டுக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தே தீரும். ஐரோப்பியத் தரவிதி ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 4 மில்லிமீட்டரும், இரு பக்கமும் சேர்த்து 7 மில்லிமீட்டரும்தான் அனுமதிக்கிறது. பெரியவரின் தோல் காலணி அதில் நுழையாது. மென்மையான ரப்பர் செருப்பு பக்கச் சுவரில் உரசினால் நெளியும், ஒட்டிக்கொள்ளும், உள்ளே இழுபடும். பிறகு விரலும் அதன் பின்னால் போகும். 2008 மே மாதம் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட எச்சரிக்கையில், 2006 ஜனவரி முதல் தனக்குத் தெரிந்த 77 சிக்கல் சம்பவங்களில் இரண்டைத் தவிர மற்ற எல்லாமே மென்மையான நெகிழ்காலணிகள் என்று சொன்னது. ஏறக்குறையப் பாதியில் காயம் ஏற்பட்டிருந்தது.

இன்னோர் இடம், படிகள் தரைக்குள் மறையும் இடத்திலுள்ள சீப்புத் தகடு. அதன் பற்கள் உடைந்திருந்தால் அங்கே ஒரு குட்டி வாய் திறந்திருக்கிறது என்று பொருள். குழந்தை படியில் உட்கார்ந்து வந்தாலோ, விழுந்து கையை ஊன்றினாலோ விரல்கள்தான் முதலில் அங்கே போய்ச் சேரும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழான பீடியாட்ரிக்ஸ் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டுகிறது. 1990 முதல் 2002 வரை அந்நாட்டில் 19 வயதுக்கு உட்பட்டோரிடையே சுமார் 26,000 மின்படிக்கட்டுக் காயங்கள். அவற்றில் சுமார் 12,000 காயங்கள் 5 வயது நிறையாத குழந்தைகளுக்கு. மொத்தத்தில் பாதிக்கு மேல் விழுந்ததால் வந்தவை. 29 விழுக்காடு சிக்கிக்கொண்டதால் வந்தவை. 5 வயதுக்குக் கீழ் அதிகம் காயம்பட்ட உறுப்பு கை.

பக்கச் சுவரை ஒட்டி நீளமாக ஒரு தூரிகை இருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? பலர் அதில் சப்பாத்தைத் துடைக்கிறார்கள். அது சப்பாத்துத் துடைக்க வைத்ததில்லை. காலை ஓரத்திலிருந்து விலக்கி வைக்கத்தான் அது. அது தேய்ந்து போயிருந்தால், இடைவெளி விரிந்திருந்தால், பல் உடைந்திருந்தால், அதை எந்தத் தாயும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. தெரிந்துகொள்ள வேண்டியவர் யார் என்ற கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

2015 ஜூலையில் சீனாவின் ஜிங்ஜோ நகரப் பேரங்காடியில் நடந்ததை உங்களில் பலர் காணொளியில் பார்த்திருப்பீர்கள். மின்படிக்கட்டின் உச்சியில் தரைத் தகடு பெயர்ந்து, தாய் உள்ளே விழுகிறார். விழும் நொடியில் மகனை முன்னே தள்ளிக் காப்பாற்றிவிட்டு இறந்துபோகிறார். அந்தத் தகடு ஆடுவதைச் சில நிமிடங்களுக்கு முன்பே ஊழியர்கள் பார்த்திருந்தார்கள். இயந்திரத்தை நிறுத்தவில்லை. அம்மா எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் கண்டதில்லை.

லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் 1987 நவம்பர் 18 அன்று 31 பேரைக் கொன்ற தீயும் மரத்தாலான மின்படிக்கட்டின் அடியில், எண்ணெய்ப் பிசுக்கிலும் குப்பையிலும் விழுந்த தீக்குச்சியால் தொடங்கியது. அதற்கு முன்பு ஏற்பட்ட சிறு தீக்களை நிர்வாகம் வெறும் 'புகைச்சல்' என்று பெயரிட்டுப் பழகிப்போயிருந்தது. சொல் எப்படி ஆபத்தை மறைக்கும் என்பதற்கு மொழியாசிரியர்கள் வகுப்பில் காட்டலாம்.

நம் நாட்டில் யார் பொறுப்பு

மலேசியச் சட்டத்தில் மின்படிக்கட்டு வெகு காலமாகவே ஓர் 'உயர்த்தும் இயந்திரம்'. பாரந்தூக்கி, மின்தூக்கி ஆகியவற்றோடு அதையும் 1967 தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் ஒரே பட்டியலில் வைத்தது. 1970-இல் நடப்புக்கு வந்த அந்தச் சட்டத்தின்படி அதற்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழின் ஆயுள் 15 மாதம். பி.எம்.ஏ. என்று தொடங்கும் எண் அந்தப் பதிவின் எண். அடுத்த முறை தேடிப் பாருங்கள்; காருக்கு எண் பட்டை போல இதற்கும் உண்டு.

2024 ஜூன் 1 முதல் 1967 சட்டம் நீக்கப்பட்டு, இந்தப் பொறுப்புகள் 1994 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழ் வந்துவிட்டன. பழைய குறிப்பை வைத்துப் படிக்கும் மாணவர்கள் கவனிக்கவும். 'வேலையிடம்' என்றதும் தொழிற்சாலையை மட்டும் நினைக்காதீர்கள். பேரங்காடியும் பலர் வேலை செய்யும் இடம்தான். அந்தச் சட்டத்தின் 17, 18-ஆம் பிரிவுகள் ஊழியர் அல்லாதவர்களின் பாதுகாப்பையும் பேசுகின்றன. ஊழியர் அல்லாதவர் என்றால் நீங்கள், நான், நம் பிள்ளைகள். கடமை தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது.

இங்கே மாணவர்கள் அடிக்கடி குழப்பும் இரண்டு சொற்கள்: அபராதம், இழப்பீடு. அபராதம் அரசுக்குப் போகும். விரலை இழந்த குழந்தைக்கு அதில் ஒரு சென் வராது. இழப்பீட்டுக்குக் குழந்தையின் பெயரில் தனியாகக் குடியியல் வழக்குப் போட வேண்டும்.

'ஊராட்சி மன்றம் என்ன செய்தது' என்ற கேள்விக்கும் நம் பள்ளத்தாக்கிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் இறந்தார்கள். 2000-இல் உயர் நீதிமன்றம் பொறுப்பைப் பலருக்கும் விழுக்காட்டில் பங்கிட்டது. அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கும் 15 விழுக்காடு வந்தது. 2006-இல் கூட்டரசு நீதிமன்றம், 1974 சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2)-ஆம் பிரிவு மன்றத்துக்குப் பாதுகாப்பு அளிக்கிறது என்று கூறி அதை விடுவித்தது. அனுமதி கொடுத்தவரையும் பரிசோதித்தவரையும் வழக்கில் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை இது காட்டுகிறது. எனவே மின்படிக்கட்டு விஷயத்தில் நம் கண் முதலில் போக வேண்டியது, இடத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் நிர்வாகம், பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் ஆகிய இரண்டின் மேல்தான். கட்டுரையில் 'அரசாங்கம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதும் மாணவரிடம் நான் கேட்பது இதுதான்: எந்தத் துறை? எந்தச் சட்டம்? கதவைத் தட்டப் போனால் எந்தக் கதவு?

காலக்கெடுவையும் தெரிந்து வையுங்கள். 1953 காலவரையறைச் சட்டத்தின்படி பொதுவாக 6 ஆண்டு. காயம்பட்டவர் சிறார் என்றால் அந்த 6 ஆண்டு, 18 வயது நிறைந்த பிறகே எண்ணத் தொடங்கும். பொது அதிகாரத்துவ அமைப்பின்மீது வழக்கு என்றால் 36 மாதம்தான். அங்கே தாமதிக்கவே கூடாது. குழந்தையின் சார்பில் பெரியவர் ஒருவர் வழக்கை நடத்துவார். வழக்குப் போட்ட பிறகு சமரசம் பேசினால், நீதிமன்றம் ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும். பெற்றோர் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுக் குழந்தையின் உரிமையைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

சட்டம் 24 வயது வரை காத்திருக்கும். கண்காணிப்புக் கேமராப் பதிவு காத்திருக்காது, அதன்மேல் புதிய பதிவு ஏறிவிடும். ஆகவே அன்றைக்கே போலீஸ் புகார், மருத்துவ அறிக்கை, பி.எம்.ஏ. எண்ணின் படம், பதிவை அழிக்காமல் வைக்கக் கேட்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம். கிழிந்த செருப்பைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், அதுவும் சான்று.

சுற்றுலா போகும் ஆசிரியருக்கு

இதுவரை நாம் நிர்வாகத்தைக் கேள்வி கேட்டோம். 40 மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கே.எல். செண்ட்ரலில் ஏறும்போது கேள்வி நம் பக்கம் திரும்பும். கூட்டரசு நீதிமன்றத்தின் இரண்டு பழைய தீர்ப்புகளை ஆசிரியர்கள் சேர்த்துப் படிக்க வேண்டும். 1977-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், வகுப்பில் ஒரு மாணவன் ஊசியால் குத்த, திரும்பிப் பார்த்த மற்றவனின் கண் காயப்பட்டது. ஆசிரியருக்குக் கடமை உண்டு. ஆனால், அப்படி ஒன்று நடக்கும் என்று நியாயமாக எதிர்பார்த்திருக்க முடியாது என்பதால் பொறுப்பு விழவில்லை. 1981-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், தோட்ட வேலை வகுப்பில் சக மாணவனின் சங்கூல் பட்டு ஒருவன் காயமடைந்தான். அங்கே பள்ளித் தரப்பின்மேல் பொறுப்பு விழுந்தது. மண்வெட்டி ஆபத்தான கருவி என்பதும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து மேற்பார்வையிட வேண்டும் என்பதும் முன்கூட்டியே தெரிந்த விஷயங்கள்.

மின்படிக்கட்டு இவற்றில் எந்தப் பக்கம் சேரும்? என் கருத்தில் அது சங்கூல் பக்கம். அது எப்படிக் காயப்படுத்தும் என்பது இன்று எல்லாருக்கும் தெரியும். எனவே ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்: படியின் நடுவில் நிற்க வேண்டும், மஞ்சள் கோட்டை மிதிக்கக்கூடாது, உட்காரக்கூடாது, கைப்பிடியைப் பிடித்து முன்னோக்கிப் பார்க்க வேண்டும், மென் ரப்பர் செருப்பு வேண்டாம். ஒரு ஆசிரியர் மேலே முதலில் போய்ச் சேரட்டும், ஒருவர் கீழே கடைசியாக ஏறட்டும். மேலும் கீழும் சிவப்பு நிறத்தில் அவசர நிறுத்தப் பொத்தான் இருக்கும். மாணவர்களை வரிசையில் நிறுத்திவிட்டு, அது எங்கே இருக்கிறது என்று இரு ஆசிரியர்களும் முதலில் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் அது முழங்கால் உயரத்தில் இருக்கிறது, நின்றபடி பார்த்தால் கண்ணில் படாது.